டோர் பிரவுசர்: பக்கம் திறக்க இவ்வளவு நேரமா?

டோர் பிரவுசரைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வரும் பதில் "நல்லதுதான், ஆனா ரொம்ப ஸ்லோ" என்பதுதான். ஒருமுறை இன்ஸ்டால் செய்து, ஏதோ ஒரு செய்தித்தளத்தைத் திறந்து, வட்டம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு மூடியவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். நான் இதைப் பல வருடமாக வேலைக்கும் சொந்த உபயோகத்துக்கும் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் நடத்தும் ஒரு சிறிய ஆவணத் தொகுப்பின் ஓனியன் தளத்தை (டோர் வழியாக மட்டுமே திறக்கும் .onion முகவரித் தளம்) பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் இருக்கிறது. அதனால் உட்கார்ந்து காத்திருப்பவன், காக்க வைப்பவன் என்று இரண்டு பக்கத்து நியாயமும் ஓரளவு தெரியும். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரவுசருக்கு ஐந்துக்கு நாலு, அதில் நாம் திறக்கும் தளங்களில் முக்கால்வாசிக்கு ஐந்துக்கு ஒன்றரை. இந்த இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டோர் பிரவுசர் என்பது ஃபயர்ஃபாக்ஸின் மேல் கட்டப்பட்டது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு நான்கிலும் ஓடும். நீங்கள் திறக்கும் பக்கம் நேராக உங்களிடம் வராமல் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று ரிலேக்கள், அதாவது இடைவழிச் சர்வர்கள், வழியாகச் சுற்றி வரும். இந்த வழிக்குத்தான் சர்க்யூட் என்று பெயர். நீங்கள் யார் என்பதும் நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதும் சேர்ந்து ஒரே ஆளுக்குத் தெரியாது. யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது, இன்றைக்கு டோர் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது. 2022 ஏப்ரலில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் சேர்த்து வைக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்ட பிறகு, நம் பக்கத்திலும் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பவர்களின் அடுத்த கேள்வி எப்போதும் வேகம்தான்.

சரி, ஏன் ஸ்லோ? முகவரிப் பட்டியின் இடது ஓரத்தில் ஒரு சிறிய சர்க்யூட் ஐகான் இருக்கிறது, அதைத் தட்டிப் பாருங்கள். இந்தப் பிரவுசர், அதற்குக் கீழே ஜெர்மனி, அதற்குக் கீழே நெதர்லாந்து, அப்புறம் இன்னொரு நாடு, கடைசியில் தளத்தின் பெயர் என்று ஒரு ஏணி மாதிரி காட்டும். பெரும்பாலான நேரம் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் வரும், ஏனென்றால் ரிலேக்களில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும், ஆக எந்தக் கம்பெனியின் எந்த ஃபைபர் பிளானை வாங்கினாலும் அங்கே போய்த் திரும்பவே குறைந்தது 70 மில்லிசெகண்ட் ஆகிவிடும்; கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகலாம். இதற்கு மேல் ஒவ்வொரு ரிலேயிலும் வரிசையில் நிற்கிற நேரம். நீங்கள் படிக்கப் போவது பெங்களூரில் இருக்கும் ஒரு சர்வராக இருந்தாலும் ஐரோப்பாவுக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும்.

இது சாதாரணத் தளத்துக்கு. ஓனியன் தளம் என்றால் கணக்கு இன்னும் நீளம். நீங்கள் யார் என்று தளத்துக்குத் தெரியக் கூடாது, தளம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியக் கூடாது, எனவே இரண்டு பேரும் தலைக்கு மூன்று ரிலே போட்டுக்கொண்டு நடுவில் ஓர் இடத்தில் சந்திக்கிறார்கள். மொத்தம் ஆறு. அதற்கு முன்பே தளத்தின் விவரக்குறிப்பை நெட்வொர்க்கில் தேடி எடுக்க வேண்டும், தளம் நியமித்திருக்கும் அறிமுகப் புள்ளியிடம் போய்த் தகவல் சொல்ல வேண்டும், அது தளத்துக்குப் போய்ச் சேர்ந்து தளம் சந்திப்பு இடத்துக்கு வர வேண்டும். இந்தக் கல்யாணப் பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் எழுத்து உங்கள் திரைக்கு வரும். ஆகவே ஓனியன் தளத்தின் முதல் பக்கம் தாமதமாக வந்தால் பிரவுசரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது பக்கமும் அதே மாதிரி இழுத்தால்தான் எங்கேயோ கோளாறு என்று பொருள்.

நெட்வொர்க்கே சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022க்கு முன்பு பயன்படுத்திவிட்டு விட்டுப்போனவர்கள் அதே அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. டோர் தரவை 'செல்' என்று அரை கிலோபைட் அளவுள்ள துண்டுகளாக அனுப்புகிறது. பழைய முறையில் ஒரு சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் ஆயிரம் செல்தான் வழியில் இருக்கலாம், எதிர்முனையிலிருந்து "வந்து சேர்ந்தது" என்று பதில் வந்தால்தான் அடுத்தது கிளம்பும். ஆயிரம் செல் என்றால் சுமார் அரை மெகாபைட். போய்த் திரும்ப ஒரு வினாடி ஆகும் சர்க்யூட்டில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் வினாடிக்கு அரை மெகாபைட்டைத் தாண்ட முடியாது, வழியில் உள்ள ரிலே எல்லாம் காலியாகக் கிடந்தாலும் இதே கதைதான். 2022 ஏப்ரலில் வந்த டோர் 0.4.7 பதிப்பில் இந்த நிலையான வரம்பை எடுத்துவிட்டு, நெரிசலுக்கு ஏற்ப தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய கோப்புகளை இறக்குகிறவர்களுக்கு வித்தியாசம் கண்ணால் பார்த்தே தெரிந்திருக்கும். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, எதிர்முனையும் புதிய பதிப்பில் இருக்க வேண்டும். ஓனியன் தளத்தை நடத்துபவர் பழைய டோரை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் புதிய பிரவுசரால் ஒரு பலனும் இல்லை.

அடுத்து 2023 ஆகஸ்டில் 0.4.8. இதில் இரண்டு சமாச்சாரம். ஒன்று கான்ஃப்ளக்ஸ், வெளியில் இருக்கும் சாதாரணத் தளங்களுக்குப் போகும்போது ஒரே போக்குவரத்தை இரண்டு சர்க்யூட்டில் பிரித்து அனுப்பி, எது வேகமோ அதில் அதிகம் விடுவது. இன்னொன்று ஓனியன் தளங்களுக்கான புரூஃப் ஆஃப் வொர்க். இது வந்ததற்குக் காரணம் இருக்கிறது: 2022 நடுவிலிருந்து பல மாதம் டோர் நெட்வொர்க் மேல் தொடர்ந்து டிடாஸ் தாக்குதல் (பொய்க் கோரிக்கைகளைக் கொட்டித் திணறடிப்பது) நடந்தது, அந்தக் காலத்தில் ஓனியன் தளங்களைத் திறப்பது உண்மையிலேயே கொடுமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது தளத்தின் மேல் கூட்டம் நெருக்கினால், உள்ளே வருபவரின் கணினி ஒரு சிறு புதிரைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். சாதாரண நேரத்தில் புதிரே கிடையாது. லேசான நெரிசலில் சில மில்லிசெகண்ட்தான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. லட்சக்கணக்கில் கோரிக்கை அனுப்புகிறவனுக்குத்தான் அது வலிக்கும். தளத்தை நடத்துபவர் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், ஆனால் சேர்ப்பதற்குச் சோம்பல்படுகிறவர்கள் நிறைய.

இனி பிரவுசரில் நாம் செய்யக் கூடியது. உண்மையைச் சொன்னால் அதிகம் இல்லை, இருப்பதும் எளிது.

கணினியின் நேரமும் தேதியும் நேரமண்டலமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், "டோர் கனெக்டே ஆகல" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி. அப்புறம் பிரிட்ஜ், அதாவது டோருக்குள் நுழைய வெளியே பட்டியலிடாத மாற்று வாசல். டோரைத் தடுக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கும், தடுக்கும் அலுவலக நெட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் உள்ளது அது. தடையே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்னோஃப்ளேக் என்ற பிரிட்ஜ் வகையைப் போட்டால், உலகத்தில் எங்கோ ஒரு தன்னார்வலரின் பிரவுசர் டேப் வழியாக உங்கள் போக்குவரத்து போகும், அவர் லேப்டாப்பை மூடினால் உங்கள் இணைப்பு தடுமாறும். தேவையில்லாமல் போட்டுவிட்டு ஸ்லோ என்று புகார் சொல்லக் கூடாது.

ஒரு தளம் இழுத்துக்கொண்டே இருந்தால் அதே சர்க்யூட் பலகையில் 'இந்தத் தளத்துக்குப் புதிய சர்க்யூட்' என்ற பட்டன் இருக்கிறது, அதைத் தட்டினால் போதும். பலர் 'புதிய அடையாளம்' என்பதைத் தட்டுகிறார்கள். அது எல்லா டேப்பையும் மூடி, குக்கீ முதல் கேஷ் (முன்பே இறக்கிச் சேமித்துவைத்த கோப்புகள்) வரை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும், வேகத்துக்கு அதனால் நஷ்டம்தான். புதிய சர்க்யூட் போட்டும் ஏணியில் முதல் ரிலே மாறவில்லையே, பழுதா என்று கேட்கிறார்கள். பழுதில்லை. அந்த முதல் ரிலேயை 'கார்டு' என்பார்கள், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே சில மாதங்களுக்கு ஒன்றையே வைத்திருக்கும். அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் கெட்டவன் நடத்தும் ரிலேயில் போய் விழும் வாய்ப்பு கூடும். மாறுவது மற்ற இரண்டும்தான்.

பாதுகாப்பு நிலை என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். நடுப்படியில் ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் ஜிட் நின்றுவிடும், எனவே ஸ்கிரிப்ட் கனமான தளங்கள் அங்கே இன்னும் மந்தமாகத் தெரியும், அது நெட்டின் குற்றமல்ல. உச்சப் படியில் ஜாவாஸ்கிரிப்ட் மொத்தமாகவே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு செய்திப் பக்கம் இந்த உச்சப் படியில்தான் மற்ற எதிலும் விட வேகமாகத் திறக்கும், ஏனென்றால் இறக்க வேண்டிய பாதி மூட்டையே இல்லை. நான் வெறும் வாசிப்புக்கு எப்போதும் அதில்தான் இருக்கிறேன். ஒழுங்காக எழுதப்படாத பக்கம் வெள்ளைத் தாளாக நிற்கும், அந்தத் தளத்தை எழுதியவரின் தரம் என்ன என்று அதிலேயே தெரிந்துவிடும்.

யூடியூபில் 'டோரை பத்து மடங்கு வேகமாக்குவது எப்படி' என்று வரும் வீடியோக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமைப்புக் கோப்பில் கடைசி ரிலே இருக்க வேண்டிய, வெளியேறும் நாட்டைக் குறிப்பிடு, பக்கத்து நாட்டு ரிலேயை மட்டும் எடு, விளம்பரத் தடுப்பான் போடு, உள் அமைப்புகளில் இந்த எண்ணை மாற்று என்றெல்லாம் சொல்வார்கள். நாட்டைக் கட்டிப்போட்டால் ரிலேக்களின் கூட்டம் சிறுத்து, உங்களைக் கண்டுபிடிப்பது சுலபமாகும். கட்டிப்போட்ட நாட்டில் நல்ல ரிலே குறைவாக இருந்தால் வேகமும் போகும். நீட்சிகள் போட்டால் உங்கள் பிரவுசர் மட்டும் தனியாகத் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி தெரிவதுதான் இந்தப் பிரவுசர் தரும் பாதுகாப்பே, அதற்காகத்தான் பக்கங்கள் கேட்கும்போது நேரத்தைக்கூட வேண்டுமென்றே மழுங்கடித்துச் சொல்கிறது. அதில் ஓட்டை போட்டு இரண்டு வினாடி மிச்சம் பிடிப்பதற்குப் பதில் சாதாரண பிரவுசரிலேயே படித்துவிட்டுப் போகலாம்.

இப்போது அசல் குற்றவாளிக்கு வருகிறேன். கணினியில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து நெட்வொர்க் பலகையை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பெரிய செய்தித்தளத்தை டோரில் திறந்து பாருங்கள். கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். முதலில் பக்கத்தின் எலும்புக்கூடான எச்டிஎம்எல் வருகிறது. அது வந்த பிறகுதான் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வேண்டும் என்று பிரவுசருக்குத் தெரிகிறது, போய்க் கேட்கிறது. சிஎஸ்எஸ் வந்த பிறகு அதற்குள் எழுத்துரு இருக்கிறது என்று தெரிகிறது, மறுபடி போகிறது. இன்னொரு பக்கம் ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது, அது இன்னொரு ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது, அது வந்து உட்கார்ந்து "கட்டுரையின் உள்ளடக்கம் எங்கே" என்று சர்வரிடம் கேட்கிறது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்து, திரும்பப் போய்ப் புளி வாங்கி வந்து, மறுபடி போய் மிளகாய் வாங்குகிற கதை. கடை எதிர்வீட்டில் இருந்தால் இது தெரியாது, சாதாரண பிரவுசரில் ஒரு நடைக்கு 30 மில்லிசெகண்ட் என்றால் ஐந்து நடையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஓனியன் சர்க்யூட்டில் ஒரு நடை ஒரு வினாடி என்றால் அதே ஐந்து நடைக்கு ஐந்து வினாடி, அதுவும் நீங்கள் ஒரு வரிகூடப் படிக்காமல். இதில் உங்கள் நெட்டின் மெகாபிட் கணக்குக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

போதாக்குறைக்கு, சாதாரண பிரவுசரில் இந்தக் குறைகளை மூடி மறைக்கும் எல்லா வித்தையும் டோரில் செல்லாது. பிரவுசரை மூடினால் கேஷ் காலி, வட்டில் எதையும் எழுதி வைக்காது, ஆகவே தினமும் போகும் தளமானாலும் தினமும் நீங்கள் புது ஆள்தான். ஒரு தளத்தில் இறக்கிய நூலகம் இன்னொரு தளத்துக்கு உதவாது, கேஷைத் தளவாரியாகப் பிரித்துவைக்கிறது. அடுத்து எங்கே சொடுக்குவீர்கள் என்று ஊகித்து முன்கூட்டியே இணைப்பு போட்டுவைப்பதும் கிடையாது. பக்கங்களைக் கொண்டுவரும் முறையின் புதிய பதிப்பான எச்டிடிபி/3 வந்துவிட்டது, வேகம் வந்துவிட்டது என்கிறார்கள், அது யுடிபி என்ற அனுப்பும் முறையின் மேல் ஓடுவது, டோர் சுமப்பது டிசிபி என்ற இன்னொரு முறையை மட்டும். இவை எல்லாம் தனியுரிமைக்காகத் தெரிந்தே விட்டுக்கொடுத்தவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வாசகர் ஒருவர் வருவார் என்று தளத்தை எழுதுபவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

யோசித்தவர்களும் உண்டு. ஃபேஸ்புக் 2014 அக்டோபரிலேயே ஓனியன் முகவரி வைத்தது, 2016 ஏப்ரலில் மாதம் பத்து லட்சம் பேர் டோர் வழியாக வருகிறார்கள் என்று அறிவித்தது. ப்ரோபப்ளிகா 2016லும், நியூயார்க் டைம்ஸ் 2017லும், பிபிசி 2019லும் வந்தன. இவர்களுடைய சர்வர் எங்கே இருக்கிறது என்பது ரகசியமில்லை, யாருக்கும் தெரிந்ததுதான். ஒளிய வேண்டியது வாசகர் மட்டும். அப்படியிருக்க தளத்தின் பக்கத்திலும் எதற்கு மூன்று ரிலே? இதற்காகவே சிங்கிள் ஹாப் முறை என்று ஒன்று டோரில் இருக்கிறது, தளம் தன் மூன்று ரிலேயை விட்டுவிட்டுச் சந்திப்பு இடத்துக்கு நேராக வந்துவிடும். ஃபேஸ்புக் அப்படித்தான் செய்தது. வாசகரின் மூன்று அப்படியே இருக்கும், தாமதம் மட்டும் கணிசமாகக் குறையும். ஒளிந்திருக்க வேண்டிய தளம் தவறிக்கூட இதைத் தொடக் கூடாது என்பதால் அமைப்புக் கோப்பில் இரண்டு தனித்தனி வரியில் 'ஆமாம், எனக்கு அநாமதேயம் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால்தான் ஏற்கும். எனக்குப் பிடித்த எச்சரிக்கை அது.

ஓனியன் முகவரி 56 எழுத்து, யாராலும் நினைவில் வைக்க முடியாது (16 எழுத்தாக இருந்த பழைய முகவரிகள் 2021ல் ஓய்வு பெற்றுவிட்டன). அதற்குத்தான் 2020ல் ஒரு வசதி கொண்டுவந்தார்கள்: தளம் தன் சாதாரண முகவரியின் பதிலிலேயே ஓனியன் முகவரியைச் சொல்லிவிடும், பிரவுசர் முகவரிப் பட்டியில் ஊதா நிறத்தில் ஒரு பட்டன் காட்டும். தட்டினால் அங்கே போய்விடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. டோரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் வெளியேறும் ரிலேக்களில்தான் எப்போதும் நெரிசல், ஓனியனுக்குப் போனால் அந்தக் கதவே தேவையில்லை. டோரிலிருந்து வருகிறாயா, நீ மனிதனா, போக்குவரத்து விளக்கு எங்கே இருக்கிறது காட்டு என்று மடக்கும் காவல் பக்கங்களும் பெரும்பாலும் இல்லை. அந்தப் படப் புதிர்களில் போகும் நேரத்தை 'டோர் ஸ்லோ' என்ற கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

நான் பார்த்துக்கொள்ளும் தளத்தைப் பற்றிக் கொஞ்சம். பழைய துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், ஸ்கேன் செய்த பக்கங்கள் என்று ஒரு தொகுப்பு, அதைப் படிக்க வருபவர்கள் பெயர் தெரியாமல் வர விரும்புகிறவர்கள். என் கைக்கு வந்தபோது முகப்புப் பக்கம் மட்டும் இரண்டு மெகாபைட்டைத் தாண்டி இருந்தது. எழுத்துரு ஒரு வெளிநிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்தது. ஓனியன் பக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளி இணையத்துக்குத் தனிச் சர்க்யூட் போட்டு எழுத்துருவை எடுத்துவருவது என்றால் வேகமும் போச்சு, நோக்கமும் போச்சு. அதை முதலில் தூக்கினேன். இன்றைக்கு எந்தக் கணினியிலும் தமிழ் எழுத்துரு இருக்கிறது, அழகுக்காக இன்னொன்றை இறக்குவது டோரில் ஆடம்பரம்.

சிஎஸ்எஸ் மொத்தமே சில கிலோபைட்தான், அதைத் தனிக் கோப்பாக வைக்காமல் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிட்டேன், ஒரு நடை மிச்சம். ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை, தேடல் பெட்டிகூடப் பழைய பாணியில் படிவத்தை அனுப்பிப் பக்கமாகவே பதில் வாங்குகிறது. ஜிசிப் சுருக்கம் போட்டதும் தமிழ் உரை அசந்துபோகிற அளவுக்குச் சுருங்கியது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும், அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, எனவே சுருக்கிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

படங்களில்தான் உண்மையான சண்டை. ஸ்கேன் பக்கங்களைத் திரையில் வரும்போது மட்டும் இறக்கு என்று பிரவுசரிடமே சொல்லும் வசதி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் அணைந்திருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் அந்த வசதியையும் அணைத்துவிடும். நீங்கள் எவ்வளவு தூரம் உருட்டிப் படித்தீர்கள் என்று தளம் வேவு பார்க்க முடியாமல் இருப்பதற்காக. விளைவு, உச்சப் பாதுகாப்பில் வரும் வாசகருக்குப் பக்கத்தில் உள்ள அத்தனை படமும் ஒரே நேரத்தில் கொட்டும். ஸ்கிரிப்டால் படத்தை இழுக்கிற தளங்களில் கதை நேர் எதிர், வெறும் சாம்பல் கட்டங்கள்தான் நிற்கும். நான் கடைசியில் செய்தது பழங்காலத்து முறைதான்: பட்டியலில் தபால்தலை அளவுக்குச் சிறு படம், தட்டினால் நடுத்தர அளவு, முழு ஸ்கேன் வேண்டும் என்றால் கோப்பின் அளவு எழுதிய தனி இணைப்பு. எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் காத்திருப்பவர் கோபப்படுவதில்லை. எஸ்விஜி என்ற பட வகையில் இருந்த ஐகான்களையும் எடுத்துவிட்டேன், உச்சப் படியில் அவை வராது, அவற்றை நம்பியிருந்த மெனு பட்டன் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது.

டிஎல்எஸ் (https முகவரிகளில் வரும் குறியாக்கப் பூட்டு) போடலாமா வேண்டாமா என்பது இன்னும் எனக்குள் தீராத விவாதம். ஓனியன் இணைப்பு ஏற்கெனவே முனையிலிருந்து முனைவரை மறைக்கப்பட்டதுதான், டோர் பிரவுசரும் வெறும் எச்டிடிபி ஓனியனைப் பாதுகாப்பானது என்றே எடுத்துக்கொள்ளும், பயமுறுத்தாது. டிஎல்எஸ் போட்டால் கைகுலுக்கலுக்கே ஒரு நடை கூடுதல். ஆனால் பிரவுசர்கள் எச்டிடிபி/2ஐ டிஎல்எஸ் மேல்தான் பேசும், அது இல்லையென்றால் பழைய 1.1தான், ஒரு தளத்துக்கு ஆறு இணைப்பு, அதற்கு மேல் உள்ளதெல்லாம் வரிசையில் நிற்கும். பக்கத்துக்கு நாற்பது ஐம்பது கோப்பு உள்ள பெரிய தளம் என்றால் டிஎல்எஸ்ஸும் எச்டிடிபி/2ம் லாபம். எங்களுடையது மாதிரி ஒரு எச்டிஎம்எல், பத்துச் சிறு படம் என்றால் தேவையில்லை. இணைப்பை உடனே வெட்டாமல் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருக்கும்படி சர்வரில் சொல்லிவைத்தால் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது நடை மிச்சமாகும். இவ்வளவும் செய்த பிறகு முகப்புப் பக்கம் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது, சர்க்யூட் போட்ட பிறகு அடுத்தடுத்த பக்கங்கள் தட்டியதும் வந்து நிற்கின்றன. டோரில் ஒரு வரியும் மாற்றவில்லை.

ஆண்ட்ராய்டு பதிப்பு 2019ல் முறையாக வந்தது, வாசிப்புக்குப் போதும், பின்னணிக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தால் சில போன்களில் சர்க்யூட் புதிதாகப் போட வேண்டியிருக்கும், அங்கேதான் எரிச்சல். ஐபோனில் டோர் பிரவுசர் கிடையாது, ஆப்பிளின் வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின் கட்டாயத்தால் ஓனியன் பிரவுசர் என்ற வேறொரு செயலியைத்தான் டோர் ப்ராஜெக்டே கைகாட்டுகிறது. பிரேவ் பிரவுசரில் 2018லிருந்து டோர் ஜன்னல் இருக்கிறது, அவசரத்துக்கு ஓனியன் பார்க்கலாம், ஆனால் உண்மையான அநாமதேயம் வேண்டுமென்றால் டோர் பிரவுசருக்குப் போங்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டோர் மாதிரியே ஆளை மறைக்கும் இன்னொரு நெட்வொர்க்கான ஐ2பி தனி உலகம், இரண்டு பக்கமும் சுரங்கம் போட்டுப் பேசுவது, அங்கே திறப்பதற்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் டோரைக் கும்பிடத் தோன்றும்.

வீடியோ பார்க்க இதை வாங்காதீர்கள் என்று சொல்லலாம் என்றால் இலவசமாயிற்றே. பார்க்கலாம், ஓடும், அடிக்கடி நிற்கும், அதே அலைவரிசையில் யாரோ ஒருவர் அவசரமாக ஒரு கட்டுரையை அனுப்பக் காத்திருப்பார் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

கடைசியாக ஒன்று. 'டோர் டர்போ', 'ஃபாஸ்ட் டோர்' என்ற பெயரில் டெலிகிராமிலும் வீடியோக்களுக்குக் கீழேயும் இணைப்புகள் சுற்றுகின்றன. தொடாதீர்கள். 2022ல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஒரு யூடியூப் வீடியோவின் கீழே கொடுத்திருந்த டோர் பிரவுசர் இன்ஸ்டாலரில் வேவு பார்க்கும் நிரல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை நிறுவியவர் உலாவிய வரலாற்றை அது சேர்த்துவைத்தது. டோர் ப்ராஜெக்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், இறக்கியது அசல்தான் என்று காட்டும் கையொப்பக் கோப்பையும் சேர்த்து இறக்கிச் சரிபாருங்கள். அந்தத் தளமே உங்கள் நெட்டில் திறக்கவில்லையென்றால் கெட்டார் (GetTor) என்ற அவர்களுடைய மின்னஞ்சல் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் இறக்குவதற்கான இணைப்பு பதிலாக வரும், அதற்கும் காசு இல்லை.